சங்கிலி ஜெபத்தில் டார்த்தியின் முறை

"கண்களை மூடிக்கொள்வோமா?" என்று சபைப் போதகரின் மனைவி ஐயரம்மா சொன்ன மறு நொடியே டார்த்திக்கு மூக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது. எப்போதும் இதே கதைதான். நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் தூளுக்குள்ளேயே நின்று கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள், அப்போதெல்லாம் பேசாமல் கிடக்கிற மூக்கு, ஜெபம் என்று கண்ணை மூடினால் போதும், நானும் இருக்கிறேன் என்று கிளம்பிவிடும். சொறியவும் முடியாது. பக்கத்து நாற்காலியில் ஞானசுந்தரி பெரியம்மா. கிழவிக்குக் காது சுத்தமாகக் கேட்காது, ஆனால் ஜெபத்தில் எவள் அசைகிறாள் என்பது மட்டும் எப்படியோ தெரிந்துவிடும், தெரிந்ததும் தொடையில் ஒரு கிள்ளு. ஐம்பத்திரண்டு வயசில் கிள்ளு வாங்குகிற கணக்கு டீச்சர் பாளையங்கோட்டையில் வேறு யாராவது இருப்பார்களா தெரியவில்லை. சலோமி அக்கா வீட்டு ஹாலில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு ஜமுக்காளம். டார்த்திக்கும் முட்டி வலிதான், யார் கேட்டார்கள்? அடுப்படியிலிருந்து உளுந்த வடை வாசனை வேறு வருகிறது. இன்றைக்குச் சங்கிலி ஜெபம். ஒருத்தி விட்ட இடத்தில் அடுத்தவள் பிடித்துக்கொள்ள வேண்டும், நடுவில் கண் திறக்கக் கூடாது. ஐயரம்மா ஆரம்பிப்பார்கள், அடுத்து சலோமி அக்கா உலக தேசங்களுக்கு, பியூலா குடும்பங்களுக்கு, அதற்கப்புறம் டார்த்தி, கம்போடியாவில் மிஷனெரியாக இருக்கிற பெர்சிஸுக்கு. "பெர்சிஸுக்கு டார்த்தியை விட்டா வேற யாரு ஜெபிக்க?" என்று ஐயரம்மா சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். கடைசியாக, பெர்சிஸைப் பெற்றவளான பெரியம்மா நன்றி சொல்லி முடிப்பாள். அந்தப் பெர்சிஸோ நடு டீப்பாயில், பிளாஸ்டிக் பூ ஜாடிமேல் சாய்த்து வைத்த டார்த்தியின் போனுக்குள் இருக்கிறாள். அவளும் அங்கே கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். லைன் இழுத்து இழுத்துத்தான் வரும், எல்லாரும் ஆமென் சொல்லி அடங்கின பிறகு அவளுடைய ஆமென் மட்டும் தனியாக வந்து விழும், ஒவ்வொரு கூட்டத்திலும் சின்னப் பிள்ளைகள் அதற்குச் சிரிக்கும்.

அந்தப் போனைத்தான் டார்த்தி உடைத்துப் போட நினைத்தாள். நேற்றுச் சாயங்காலம் அதிலேதான் பெர்சிஸ் கேட்டாள். மூன்று வருஷ ஊழியம் முடிகிறது, இன்னொரு மூன்று வருஷம் இருக்கிறாயா வருகிறாயா என்று மிஷனெரி சங்கத்தில் கேட்டிருக்கிறார்கள், நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நீ சொல்லுட்டி, நான் என்ன செய்ய?" என்கிறாள். நல்லா இருக்கே! போகும்போது என்னைக் கேட்டா போனாய்? "எங்களுக்கென்ன, நாங்க நல்லாத்தான் இருக்கோம், நீ எங்க இருக்கணுமோ அங்க இரு" என்று டார்த்தி வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னாள். மூன்று வருஷமாக அதைத்தான் சொல்கிறாள், வாய் பழகிப்போய்விட்டது, பெரியம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோதுகூட ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு நாங்க நல்லாத்தான் இருக்கோம் என்றுதான் முதலில் சொன்னாள், அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். நேற்று அதைக் கேட்டுப் பெர்சிஸ் சிரிக்கவில்லை. "இந்தப் பேச்செல்லாம் எனக்கு வேண்டாம். நாளைக்குக் கூட்டத்துல உன் முறை வரும்லா? அப்ப நீ என்ன ஜெபிக்கியோ அதுதான் எனக்குப் பதில். எங்கிட்ட பொய் சொல்லுவ, ஜெபத்துல சொல்ல மாட்ட" என்றாள். என்ன ஒரு நம்பிக்கை பாருங்கள்! தன் தலையில் இருக்கிறதை எல்லாம் எடுத்து இவள் தலையில் வைப்பதும் அல்லாமல், அதற்கு ஆண்டவரைச் சாட்சிக்கு வேறு கூப்பிடுகிறாள். கிளம்பிப் போன அன்றைக்கும் இப்படித்தான், கொஞ்சம் என்றுதான் சொன்னாள். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குச் சபையே வேன் பிடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டு போனது, எல்லாரும் அழுதார்கள், ஐயர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், டார்த்திக்கு அழ நேரமில்லை, பெரியம்மா பிரஷர் மாத்திரையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள், அதற்கு மருந்துக்கடை தேடி அலைந்தாள். திரும்பி வந்து மூச்சு வாங்க நிற்கையில் பெர்சிஸ் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவைக் கொஞ்சம் பாத்துக்கிடுவியா?" என்றாள். கொஞ்சம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று டார்த்தி கேட்டிருக்க வேண்டும், கணக்கு டீச்சர் கேட்கவில்லை. மோட்டார் ரிப்பேரானால் கொஞ்சம், தண்ணித் தொட்டி கழுவக் கொஞ்சம், கண் ஆபரேஷனுக்குக் கொஞ்சம், கிழவிக்கு மருமகளும் மகளும் வேலைக்காரியும் எல்லாமுமாகக் கொஞ்சம்.

"...சமாதானத்தைத் தந்தருளும்" என்று ஐயரம்மா முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது, அடுத்து சலோமி அக்காவின் குரல். சலோமி அக்கா என்றால் பேப்பர் படித்த மாதிரி இருக்கும். எந்த ஊரில் வெள்ளம், எங்கே பூமி அதிர்ந்தது, எந்த நாட்டில் தேர்தல், ஒன்றையும் விட மாட்டாள், ஆண்டவருக்கே தெரியாத ஊரெல்லாம் வரும். வரட்டும், நிதானமாக வரட்டும், உலகத்தில் இன்னும் நிறைய நாடு இருக்கிறது, சலோமி அக்கா ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டு வந்தால் டார்த்திக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். என்ன யோசிக்க? இரண்டே வார்த்தை. இரு என்பாயா, வா என்பாயா? இரு என்று ஜெபித்தால் இதோ இந்த ஹாலே ஆமென் போடும், வடையைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகலாம், நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டில் கிழவி கைத்தடியால் டக்கு டக்கு என்று அடிக்க ஆரம்பிப்பாள், இன்னொரு மூன்று வருஷம். வா என்று ஜெபித்தால்? ஊழியக்காரியைத் திருப்பி இழுத்தவள் என்ற பேர். நம்ம சபையிலிருந்து வெளிநாட்டுக்குப் போன முதல் மிஷனெரி, ஐயர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பெயர் சொல்லி ஜெபிக்கிறார், தாயை விட்டு, வேலையை விட்டு, வீட்டை விட்டு என்று. விட்டது எல்லாம் எங்கே போய் விழுந்தது என்று ஐயர் ஒரு நாளும் சொன்னதில்லை. அது சரி, அந்த அட்டை விஷயத்தையே அவர் சரிசெய்யவில்லை. வீட்டுக்கு வீடு மாட்டி வைத்து ஜெபிக்க வேண்டும் என்று பெர்சிஸ் படம் போட்ட ஜெப அட்டை அடித்தார்கள். குற்றாலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நின்று எடுத்த போட்டோவை அனுப்பிவிட்டுப் போனாள், அச்சாபீசில் எவனோ வெட்டும்போது பெர்சிஸை வெட்டி எறிந்துவிட்டு டார்த்தியை வைத்துக்கொண்டான். கம்போடியா மிஷனெரி சகோதரி பெர்சிஸ், இவர்களுக்காக ஜெபியுங்கள் என்று பெரிய எழுத்தில் போட்டு, அதற்கு மேலே, அருவித் தண்ணியில் நனைந்த தலையோடு டார்த்தி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். ஊரெல்லாம் கொடுத்த பிறகுதான் பார்த்தார்கள். "அடுத்த தடவ அடிக்கும்போது மாத்திக்கிடலாம் டீச்சர்" என்றார் ஐயர். அடுத்த தடவை இன்னும் வந்தபாடில்லை. பெர்சிஸிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், "உன் மூஞ்சியாவது ஊழியத்துக்கு வரட்டும்ட்டி, விடு" என்கிறாள்.

அவளுக்கென்ன, விடு என்று சொல்லிவிட்டாள். பிரிட்ஜுக்கு மேலே, காலண்டருக்குப் பக்கத்தில், எங்கே போனாலும் தன் மூஞ்சி. இதோ இந்த ஹாலிலும் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, கண்ணைத் திறந்தால் தெரியும். போன மாதம் மகாராஜநகர் உழவர் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, முன்னே பின்னே பார்த்திராத ஒரு அம்மா ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், எப்ப வந்தீங்க? தினமும் காலைல உங்க முகத்தப் பாத்துத்தான் ஜெபிக்கோம், உங்க பேரச் சொல்லாம எம் பிள்ளைங்க காப்பி குடிக்காது" என்று சொல்லும்போதே அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பெல்லாம் டார்த்தி, நான் அவ இல்லீங்க என்று விளக்கம் சொல்லிப் பார்த்திருக்கிறாள், கேட்பவர்களுக்குக் குழப்பமும் வருத்தமும்தான் மிச்சம். அன்றைக்கு வெயிலில் பொறுமை போய்விட்டது. "போன வாரந்தான் வந்தேன்" என்றாள். "சாப்பாடெல்லாம் ஒத்துக்கிட்டுதா சிஸ்டர்? மெலிஞ்சுட்டீங்களே." "பரவால்ல, சோறு கிடைக்கும்." "உங்களுக்கு ஒண்ணும் வராது, நாங்க இருக்கோம்" என்று முதுகைத் தடவிவிட்டுப் போனாள் அந்த அம்மா. முருங்கைக்காயை அப்படியே போட்டுவிட்டு டார்த்தி கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள். இங்கே மூன்று வருஷத்தில் ஒருத்தி முதுகைத் தடவியிருப்பாளா? நீ எப்படி இருக்கே டார்த்தி என்று? எல்லாரும் அவளிடம் கேட்பது ஒன்றுதான், பெர்சிஸ் எப்படி இருக்கா. சலோமி அக்கா இப்போது ஆப்பிரிக்காவுக்கு வந்துவிட்டாள், இனி ஐரோப்பா, அப்புறம் மழைக்காக ஒரு வேண்டுதல், அவ்வளவுதான். நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. பெரிய பரீட்சை பாரு.

ஆனால் அங்கே பெர்சிஸ் சும்மா இல்லை, அதுதானே தொல்லை. சும்மா இருந்தால் எல்லாத்தையும் தூக்கிப்போட்டுட்டு வாடி என்று சொல்லிவிடலாம். இருபத்தைந்து வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தவள், அங்கே ஒரு ஏரிக்கரை ஊரில் தகர ஷெட்டில் இருக்கிறாள். வீடெல்லாம் தண்ணிக்கு மேலே மரக்கால் ஊன்றி நிற்குமாம், காய்ச்சல் என்றால் படகில்தான் போக வேண்டுமாம், பிரசவம் என்றாலும் படகுதான். ஒரு தடவை வீடியோவில் ஒரு பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள், கால் முதலில் வந்த பிள்ளை, நான் இல்லாட்டா ரெண்டும் போயிருக்கும்ட்டி என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னாள். அந்தப் பிள்ளை டார்த்தியைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. இப்போது இவள் வா என்று ஜெபித்து அவள் வந்துவிட்டால், அடுத்து ஒன்று கால் முதலில் வந்தால்? அந்தப் பழி யார் தலையில் விழும்? அங்கே படகில் ஒரு பெண் கத்துவாள், இங்கே டார்த்தி சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள், தெரியக்கூடத் தெரியாது. அப்படியானால் இரு என்று சொல்லித் தொலை. சொல்லிவிட்டுப் போயேன், மூன்று வருஷம் ஓடிவிடும். அதற்குள் கிழவி இருப்பாளோ என்னவோ. இருப்பாள், இருப்பாள், நம்மை எல்லாம் அனுப்பிவிட்டுத்தான் போவாள். பெர்சிஸ் வருகிறாளா என்று கேட்டதற்குக் கிழவி என்ன சொன்னாள்? "அவ எதுக்கு வரணும்? எனக்கு என்ன குறை? டார்த்திதான் இருக்காளே." அதைச் சொல்லிவிட்டு அடுத்த வாயிலேயே, "என்னட்டி ரசம் இது, கழுநீர் மாதிரி" என்றாள். மகள் மிஷனெரி என்று பந்தியில் முதல் இடத்தில் உட்கார வேண்டும், சபை விருந்தில் அசனச் சோறு முதலில் தன் இலையில் விழ வேண்டும், ரசம் வைக்க டார்த்தி வேண்டும்.

பியூலா ஆரம்பித்துவிட்டாள். அப்படியானால் மழை பெய்து முடிந்தாயிற்று. பியூலா குடும்பங்களுக்கு ஜெபிக்கிறாளாம், மருமகள் அதே ஜமுக்காளத்தின் மறு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள், "விடிஞ்சும் எந்திரிக்காத மருமக்களுக்கு உணர்வுள்ள இருதயத்தைத் தாரும் ஆண்டவரே" என்கிறாள் பியூலா, யாரோ சிரிப்பை அடக்கி இருமுகிறார்கள். மற்ற நாளாக இருந்தால் டார்த்தியும் பெர்சிஸும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு குலுங்கியிருப்பார்கள். படிக்கிற காலத்தில் ஒன்றாக இருந்த ஹாஸ்டலிலேயே அப்படித்தான். பெர்சிஸ் சாப்பாட்டு மேசையில் நீட்டி நீட்டி ஜெபிப்பாள், ஊரில் உள்ள நோயாளி எல்லாம் அதில் வருவார்கள், சோறு ஆறிப்போகும், டார்த்தி கண்ணை மூடிக்கொண்டே அப்பளத்தை நொறுக்குவாள், ஜெபத்துக்கு நடுவிலேயே பெர்சிஸ் குரல் நடுங்கும், ஆமென்னுக்குள் இரண்டு பேரும் சிரித்துச் சாய்வார்கள். அந்தப் பழக்கம்தானே அடுத்தடுத்த வீடாக, ஒரே சுவர் வீடாக வாங்க வைத்தது. ஒருத்திக்கும் கல்யாணம் கூடி வரவில்லை, வராவிட்டால் போகிறது என்று விட்டுவிட்டார்கள். சாயங்காலம் பெர்சிஸ் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள், டீ போட்டாச்சு வா. டார்த்தி பதிலுக்கு இரண்டு தட்டுவாள், இதோ வாரேன். சில நாள் இவள் டீ போடுவாள், இவள் தட்டுவாள், அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு வரும், இதோ வாரேன். அவ்வளவுதான். அதில் பேசுகிறதற்கு ஒன்றும் இருக்காது, மீன் விலை, பள்ளிக்கூடத்துச் சண்டை, ஆஸ்பத்திரிக் கதை, ஒருத்தி பேச ஒருத்தி பயறு உரித்துக்கொண்டிருப்பாள். இப்போது சுவரில் அடிப்பது கைத்தடி. அது நிற்கவே நிற்காது, போய் நிற்கிறவரைக்கும் அடிக்கும். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் டார்த்திக்கு உடம்பு அவளை அறியாமலேயே எழுந்துவிடும், பெர்சிஸ் என்று. அப்புறம் மூன்றாவது அடி விழும். அந்த மூன்றாவது அடிதான் அவளுக்குத் தாங்கவில்லை. மோட்டார் இல்லை, தொட்டி இல்லை, ரசம்கூட இல்லை. அட, அதுவா? அதற்கா இத்தனை எரிச்சல்? டார்த்திக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. வயசென்ன, பேச்சென்ன.

"...உம்முடைய பாதத்தில் வைக்கிறேன்" என்றாள் பியூலா. மின்விசிறி கடக் கடக் என்றது. என் முறை. இப்போது என் முறை. தொடையில் கிள்ளு விழுந்தது. "அன்பின் பரலோகப் பிதாவே" என்று டார்த்தி ஆரம்பித்தாள், குரல் யாருடையதோ போல இருந்தது. எங்கள் சகோதரி பெர்சிஸுக்காக உம்மைத் துதிக்கிறோம். சரி. அவர்கள் ஊழியத்தின் வாசலை நீர் இன்னும் விசாலமாக என்று வர வேண்டும், விசாலமாகத் திறந்தருளும், தயாராக நாக்கின் நுனியில் இருக்கிறது, இன்னும் மூன்று வருஷம் என்று சேர்த்துக்கொண்டால் முடிந்தது. "எங்கள் சகோதரி பெர்சிஸுக்காக..." என்றாள். மறுபடியும், "எங்கள் சகோதரி..." என்றாள். சகோதரியாம். எப்போதிலிருந்து இவள் எனக்குச் சகோதரி? "ஆண்டவரே, பெர்சிஸ் செய்யுத வேலை நல்ல வேலதான்" என்று வந்தது. "அது எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும். அந்த ஏரிக்கரைப் பிள்ளைகள நீர்தான் பாத்துக்கிடணும், அத நெனச்சா எனக்குப் பயமா இருக்கு, ஆனா நீர் பாத்துக்கிடும். பெரியம்மாவுக்காக அவ வரவேண்டாம். அவங்கள நான் பாத்துக்கிடுதேன், அது ஒரு கஷ்டமில்ல. கஷ்டந்தான், ஆனா பாத்துக்கிடுதேன். இந்த ஊருல அத்தன வீட்டுலயும் எம் மூஞ்சியப் பாத்து ஜெபிச்சிருக்காங்களே, அதுல ஒண்ணுகூடவா எம் பேருல விழல? எனக்குப் பேச ஆளில்ல ஆண்டவரே. சிரிக்க ஆளில்ல. நல்லாருக்கோம் நல்லாருக்கோம்னு அவகிட்ட சொன்னதெல்லாம் பொய்யி. சுவருக்கு அந்தப் பக்கம் அவ இருக்கணும். அவள எனக்குத் திருப்பித் தாரும். எனக்கு அவ வேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று ஜெபத்தை யாராவது முடிப்பார்களா? நாமத்தினாலே கேட்கிறோம் என்று வந்தால்தானே ஆமென் சொல்ல முடியும். வரவில்லை, டார்த்திக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. ஐயரம்மா தொண்டையைக் கனைத்தார்கள், கனைத்ததோடு சரி. பெரியம்மாவுக்கு ஒரு எழுத்தும் காதில் விழவில்லை, அதனால் தன் முறை வந்ததும் தெரியவில்லை, கிள்ளிய கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சங்கிலி டார்த்தியிடமே அறுந்து கிடந்தது. போன் பக்கத்திலிருந்தும் ஒன்றுமில்லை. எப்போதும் பிந்தி வருகிற ஆமென் இன்றைக்குப் பிந்தியும் வரவில்லை. கேட்டிருப்பாளா? கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாளா? இத்தனை பேர் முன்னால் அவள் மானத்தை வாங்கிவிட்டேனே. மூன்று வருஷம் அங்கே ஒற்றையாகக் கிடந்தவளிடம், நீ செய்தது போதும் என்று சொல்கிற மாதிரி. எனக்கு அவ வேணுமாம், வெட்கமில்லாமல். லைன் கட்டாகியிருக்க வேண்டும், கட்டாகியிருந்தால் நல்லது, ஆண்டவரே, கட்டாகியிருக்கட்டும், இனிமேல் எதுவும் கேட்கமாட்டேன். கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தால் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் அந்த மூஞ்சி வேறு பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். அடுப்படியில் எண்ணெய் கருகுகிற வாசனை வந்தது, வடையைப் பார்க்க ஆளில்லை போலும்.

டக், டக்.

போனுக்குள்ளிருந்துதான் வந்தது. மேசையிலோ பலகையிலோ விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். டார்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதுக்காகக் காத்திருந்தாள். மூன்றாவது வரவில்லை.

"லைன்ல என்னமோ சத்தம் கேக்கு" என்றாள் சலோமி அக்கா, கண்ணை மூடியபடியே.

"என்னட்டி, என் முறையா?" என்று ஹாலே அதிரக் கேட்டாள் பெரியம்மா.

"ஆமா பெரியம்மா" என்று அவள் காதுக்குள் கத்தினாள் டார்த்தி. "நன்றி சொல்லுங்க." சொல்லிவிட்டு, யார் பார்த்தால் என்ன என்று மூக்கை நன்றாகச் சொறிந்துகொண்டாள்.